இடப்பக்கத்துப் பிரேக்

மார்ச் 3, திங்கள்

டயர் கடைக்காரர் கொடுத்த டைரி இரண்டு மாதமாக டி.வி. மேல் சும்மா கிடந்தது. போன வாரம் சர்க்கரை டாக்டர், "தினமும் காலைல வெறும் வயித்துல சுகர் பார்த்து ஒரு நோட்டுல எழுதுங்க திருமூர்த்தி, அடுத்த தடவ வரும்போது நோட்டோட வாங்க" என்றார். சரி என்று எடுத்துவிட்டேன். ஆனால் வெறும் நம்பரை எழுதி வைக்க நான் என்ன கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவனா? அதைவிட எழுத வேண்டிய அநியாயம் ரோட்டில் தினமும் நடக்கிறது.

இன்று காலை பல்லடம் ரோட்டில் ஒரு வெள்ளைக் கார். நட்ட நடு ரோட்டில் இருபதில் போகிறான். அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் டவுன் பஸ், அதற்குப் பின்னால் கோழித் தீவன லாரி. ஹாரன் அடித்தால் கையை வெளியே நீட்டி 'போ போ' என்கிறான். எங்கே போவது, அவன் தலை மேலா? ஒரு கிலோமீட்டர் இப்படி ஊர்ந்துவிட்டு, வலது இண்டிகேட்டரைப் போட்டபடியே இடது பக்கம் திரும்பிப் போனான் மகராசன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ஆமை புகுந்த ரோடு மட்டும் உருப்பட்டுவிடுமா?

மெதுவாகப் போனால் பத்திரம் என்று எவனோ இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். மெதுவாகப் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிறவன்தான் பொறுக்க முடியாமல் முந்தப் போய் எதிரே வருகிறவன் மேல் விடுவான். முப்பத்தொரு வருடமாகக் கரட்டுவேலன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் வண்டியில் பழகும்போது ஒருத்தரும் ஒரு நாய்க்குட்டி மேல்கூட ஏற்றியதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை ஏற்றவும் முடியாது.

சர்க்கரை: நாளை பார்க்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

புதிதாக ஒரு பெண்மணி சேர்ந்திருக்கிறார். பெயர் கனகமணி, வயது நாற்பத்தாறு. நூல் மில் பக்கத்தில் மெஸ் வைத்திருக்கிறார். தினமும் மத்தியானம் மில்லுக்கு நூற்றிருபது பேர் சாப்பாட்டை வேனில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வேன் இருக்கிறது, டிரைவர்தான் நிலைப்பதில்லை. ஒருவன் குடிகாரன். இன்னொருவன் தூங்குமூஞ்சி. மூன்றாமவன் வேனோடு மச்சினன் கல்யாணத்துக்கே போய்விட்டானாம். இரண்டு நாள் சாப்பாடு ஒன்றரை மணிக்குப் போயிருக்கிறது. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மில்லில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"இனி ஒருத்தன நம்பிப் பிரயோசனமில்லீங்கண்ணா. நானே ஓட்டிக்கறேன். எப்ப லைசென்ஸ் கெடைக்கும்?"

"ஏப்ரல் பத்து டெஸ்ட்டு. நம்மகிட்ட வந்துட்டீங்கல்ல அம்மிணி, கவலைய விடுங்க."

என் காரில் இடப்பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு க்ளட்ச், ஒரு பிரேக் உண்டு. நான் என் பிரேக்கை மிதித்தால் ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் பிரேக்கும் சேர்ந்து கீழே போகும். இரண்டையும் ஒரே கம்பியில் கட்டியிருக்கிறது. மிதித்துக் காட்டினேன். அவர் தன் காலை அதன் மேல் வைத்து, பெடல் தானாக இறங்குவதைப் பார்த்துச் சிரித்தார். "ஸ்டீரிங் உங்க கைல, உசுரு என் கால்ல. பயப்படாம ஓட்டுங்க" என்றேன். புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வதுதான்.

மார்ச் 7, வெள்ளி

கனகமணி பரவாயில்லை. மூன்றாம் நாளே நாற்பதில் போகிறார். கியர் மாற்றும்போது குனிந்து பார்ப்பதில்லை. இருபது வயசுப் பையன்களுக்கு இல்லாத தைரியம். வீட்டில் என் சம்சாரம் மயிலாத்தாளிடம் சொன்னேன். "தெனம் அம்பது கிலோ அரிசி வடிக்கற பொம்பளைக்குக் கியர் ஒரு கனமா?" என்றாள்.

சர்க்கரை: ஸ்டிரிப் தீர்ந்துவிட்டது.

மார்ச் 8, சனி

தாராபுரம் ரோட்டில் ஒரு கன்றுக்குட்டி திடீரென்று குறுக்கே ஓடியது. மாட்டை அவிழ்த்து விடுகிறவர்களுக்கும் லைசென்ஸ் வைக்க வேண்டும். நான் உடனே பிரேக்கை மிதித்தேன். கார் முக்கிக்கொண்டு நின்றது. கன்றுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். முப்பத்தொரு வருடத்துக் கால் என்றால் சும்மாவா?

கனகமணிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. குனிந்து என் காலைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"அண்ணா, நீங்க புடிச்சீங்களா?"

"பின்ன? கார் தானா நின்னுச்சா?"

மறுபடி என் காலையே பார்த்தார். முதல் தடவை கண்டம் தப்பினவர்கள் இப்படித்தான் மலைத்துப் போவார்கள்.

மார்ச் 10, திங்கள்

தலையெழுத்து. நாற்பதில் போய்க்கொண்டிருந்த பெண்மணி இன்று இருபதைத் தாண்டமாட்டேன் என்கிறார். ஸ்பீடோமீட்டர் முள் அங்கேயே ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த மொபெட்காரர் மாட்டுத் தீவனச் சோளத்தட்டு ஒரு கட்டோடு எங்களை முந்திக்கொண்டு போகிறார். சோளத்தட்டு என் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது.

"ஏனம்மிணி, நேத்து மாட்டு வண்டிக்காரங்கிட்ட டியூசன் போனீங்களா?"

"இருக்கட்டுங்கண்ணா."

"மூணாவது கியர் போடுங்க."

"இருக்கட்டுங்கண்ணா, இப்பிடியே போறேன்."

மெஸ்காரம்மாவுக்கு மில் வாசலில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு இறங்க வேண்டும். இந்த வேகத்தில் போனால் சோறு போய்ச் சேரும்போது பழைய சோறாகியிருக்கும். அதையும் சொன்னேன். சிரிக்கவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

பெட்ரோல் பங்கில் அந்த வெள்ளைக் கார்க்காரனைப் பிடித்தேன். இறங்கி நாலு வார்த்தை கேட்டே விடுவது என்று போனால், ஆள் கும்பிடு போடுகிறான்.

"வணக்கமுங்க மாஸ்டர்! நான் உங்ககிட்டப் பழகினவனுங்க. பத்து வருசம் ஆச்சு. டெஸ்ட்டுல எனக்குக் கை காலெல்லாம் நடுங்கி, நீங்கதான் எடப்பக்கமிருந்து பிரேக்கு க்ளட்ச்சு எல்லாம் போட்டு பாஸ் பண்ண வெச்சீங்க. மறக்க முடியுமா?"

எனக்கு ஞாபகமில்லை. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். டெஸ்டில் பதறுகிறவர்களுக்கு மாஸ்டர் கொஞ்சம் கால் கொடுப்பது ஊர் உலகத்தில் இல்லாததா? அதற்காக, பத்து வருடம் கழித்தும் நடு ரோட்டில் ஊர்ந்தால் அது என் குற்றமா?

"ஏனப்பா அப்பிடி இருபதுல போறே?"

"பழகின நாள்ல இருந்தே பிரேக்கு மேல எனக்கு ஒரு சந்தேகமுங்க மாஸ்டர். மிதிச்சா நிக்கோணுமேன்னு."

ஒழிக. ஏறி வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்வேயில் எதிர்த்திசையில் வந்தவர்கள் இன்று நாலு பேர். ஒருவர் ஒரு கையில் குடை பிடித்திருந்தார். கனகமணி: இருபது.

மார்ச் 21, வெள்ளி

இந்தக் காலத்தில் எதுதான் ஒழுங்காகத் தயாராகிறது, செருப்பு மட்டும் ஒழுங்காக இருக்க? போன மாதம் வாங்கினது. வார் தளர்ந்து போய் வலது கால் செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. பேக்கரியில் சர்க்கரை போடாத டீ குடித்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். கனகமணி பின்னாலேயே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறார்.

"அண்ணா, இது பேக்கரிப் படியில கெடந்துது. நீங்க ஒத்தச் செருப்போடயே வந்துட்டீங்க."

"வார் லூசும்மா."

அவர் வாரை இழுத்துப் பார்த்தார். பிறகு என் கால் பக்கத்தில் குனிந்து வைத்தார். அப்படியெல்லாம் செய்ய வேண்டாம் என்றேன். "டாக்டர்கிட்டப் போறீங்களாண்ணா?" என்று கேட்டார். செருப்புக்கு எதற்கு டாக்டர்? செருப்புக் கடைக்குத்தான் போக வேண்டும். போய்ச் சண்டையும் போட்டேன். கடைக்காரன், வார் சரியாகத்தான் இருக்கிறது என்று சாதிக்கிறான்.

மார்ச் 29, சனி, அமாவாசை

கரட்டுக் கோயிலில் கூட்டம். உச்சி வெயிலில் கல் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. பிரகாரம் சுற்றுகிறவர்கள் எல்லாம் ஐயோ ஆத்தா என்று குதித்துக் குதித்து ஓடுகிறார்கள். மயிலா தூணுக்குத் தூண் நிழல் பார்த்து நின்றாள். நான் ஒருவன்தான் நிதானமாக, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு மூன்று சுற்றும் சுற்றினேன். பார்த்தவர்கள் அசந்துவிட்டார்கள். ஒரு பெரியவர், "பக்தின்னா இதுதானுங்க" என்று என்னைக் கும்பிட்டார்.

கோயில் வாசலில் கார் நிறுத்துகிற லட்சணத்தைப் பற்றித் தனியாக ஒரு டைரி போட வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

வலது பாதத்தில் பெரிய கொப்புளம், பெருவிரலுக்குக் கீழே. வலியே இல்லை. மயிலாதான் பார்த்தாள். ஒரே கூப்பாடு.

"நேத்து கோயில்ல சுட்டுப்போட்டிருக்குது. உங்களுக்குத் தெரியவே இல்லீங்களா?"

"சாமி காரியத்துல சூடு தெரியாது."

"எனக்கும் அதே சாமிதான். எனக்குத் தெரிஞ்சுதே?"

இவளோடு பேசி ஜெயிக்க முடியாது. மஞ்சள் பத்துப் போட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். ஏப்ரல் பத்து டெஸ்ட் முடியட்டும் என்றேன். நோட்டில் ஒரு நம்பர்கூட இல்லாமல் அந்த டாக்டர் முன்னால் போய் யார் உட்காருவது?

ஏப்ரல் 2, புதன்

கொப்புளம் உடைந்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு போனேன். கனகமணி: பதினெட்டு.

ஏப்ரல் 4, வெள்ளி

சின்ன உரசல். ஒன்றுமில்லை. நாளை பிரேக்கைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

நேற்றைக்கு நடந்ததைச் சரியாக எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

பேங்க் அதிகாரி ஒருவர் பத்து நாளாகப் பழகுகிறார். இவர் கனகமணிக்கு நேர் எதிர். அறுபதில் போவார். பயமே கிடையாது, மாஸ்டர் கால் இருக்கிறதே என்று. பொள்ளாச்சி ரோட்டு வளைவில் ஒரு ஆட்டோ திடுதிப்பென்று நின்றது. அவர் இடது பக்கம் ஒடித்தார். நேரே இளநீர்க் கடை. நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன், மிதித்தேன், கார் நிற்கவே இல்லை. அவர் என் காலை நம்பிச் சும்மா இருந்துவிட்டார். கடைசியில் இளநீர்க் குலையில் மோதித்தான் நின்றது. கடைக்கார அம்மா துள்ளி விலகினதில் முழங்கால் கிழிந்து நாலு தையல். ஒரு அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் தையலோடு போயிருக்காது. பிரேக் ஃபெயிலியர் என்று கூட்டத்தில் சொன்னேன். அந்த அம்மாகூட, "மிசினுதானே சாமி, அது என்ன பண்ணும்" என்றுவிட்டார்.

இன்று மெக்கானிக் ராசுவிடம் விட்டேன். அரை நாள் குடைந்துவிட்டு வருகிறான்.

"அண்ணா, பிரேக்கு சுத்தமா இருக்குது. உங்க பக்கம் கல்லாட்டம் நிக்குது. எங்க, மிதிச்சுப் பாருங்க."

மிதித்தேன். பிடித்தது.

"அப்ப நேத்து ஏன்டா புடிக்கல?"

"நேத்து நீங்க மிதிச்சீங்களாண்ணா?"

என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. பன்னிரண்டு வருடப் பழக்கம் பார்க்காமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாட்டில் ஓட்டத் தெரிந்தவனும் இல்லை, ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவனும் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டெஸ்டுக்கு இரண்டே நாள். கனகமணி இன்றும் இருபது. பின்னால் எட்டு வண்டி. ஹாரன் காதைக் கிழிக்கிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு மாசமா உங்களோட மல்லுக்கட்டறேன்! வெறும் ரோட்டுல இருபதுல போனா எந்த இன்ஸ்பெக்டர் பாஸ் போடுவான்? மில்லுல உங்களை விரட்டத்தான் போறாங்க. அப்புறம் எம்பேரையும் சேத்துக் கெடுத்துராதீங்க!"

கனகமணி இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்தார். எல்லாம் முறையாக. கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அன்னிக்குக் கன்னுக்குட்டி வந்துதல்ல. நீங்க மிதிச்சா எங்காலுக்கடியில பெடலு எறங்கும். மொத மூணு நாளும் எறங்குச்சு. அன்னிக்கு எறங்கும்னு நம்பிக் காத்திருந்தேன். எறங்கல. கடைசியில நாந்தான் மிதிச்சேன். குனிஞ்சு பாத்தா உங்க காலு பெடலுக்கு இந்தப் பக்கம், கீழ விரிச்ச ரப்பர் மேட்டு மேல இருக்குது. மேட்டத்தான் அழுத்திட்டு இருந்தீங்க."

"பொய்!"

"அப்புறம் தெனமும் கவனிச்சேன். பாதி நேரம் காலு பெடலு மேலயே இல்லீங்கண்ணா. பிரேக்கில்லாத வண்டிய எப்பிடி நாப்பதுல ஓட்டறது? உங்ககிட்டச் சொல்லவும் வாய் வரல. எங்கப்பாருக்கும் சக்கரைதான். அவருக்கும் செருப்பு இப்பிடித்தான் கழண்டு கழண்டு போகும். கடைசியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

"எறங்குங்க" என்றேன். "எறங்கி நடந்து போங்க. எனக்குப் பாடம் நடத்தற அளவுக்கு வந்தாச்சா?"

இறங்கினார். நான் வலப்பக்க சீட்டுக்கு மாறி ஓட்டிக்கொண்டு வந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். வீடு வரைக்கும் என் முள் பதினைந்தைத் தாண்டவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். ஏன் வேகமாக ஓட்டவில்லை என்று எனக்கே தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் வாசலில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, மயிலாவை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்தேன். அவள் வாழ்நாளில் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை.

"பிரேக்கு மேல லேசாக் காலை வெச்சுக்கோ. நான் இங்கேருந்து அழுத்துவேன். உன் பெடலு எறங்கறப்ப எறங்குதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே."

நான் கீழே பார்க்காமல் நேரே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டேன். ரோட்டில் அப்படித்தானே பார்ப்பேன். பத்துத் தடவை அழுத்துவது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். ஒன்று. "எறங்குது" என்றாள். இரண்டு. "எறங்குது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று. பேசாமல் இருந்தாள். நான்கு. பேசவில்லை. ஐந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். இடுப்பு வலித்தது.

மயிலா என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, எப்ப அழுத்துவீங்க?"

நான் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.

குனிந்து பார்த்தேன். கால் மேட்டு மேல் இருந்தது. சுற்றின துணியிலிருந்து தண்ணீராக ஏதோ கசிந்து மேட்டு நனைந்திருந்தது. அதுவும் எனக்குத் தெரியவில்லை. மயிலாவும் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பெடல் மேலிருந்து காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

இளநீர்க்கார அம்மாவின் முழங்கால் கண்ணிலேயே நிற்கிறது. அந்த வெள்ளைக் கார்க்காரனும். முப்பத்தொரு வருடமாக எத்தனை பேருக்கு என் காலைக் கொடுத்து பாஸ் வாங்கி அனுப்பியிருக்கிறேன்! அவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று தினமும் ரோட்டில் திட்டிக்கொண்டு வேறு போகிறேன். வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் கனகமணிக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை எனக்கு. "நாளைக்கு ஒம்பது மணிக்கு டெஸ்ட்டு, மறந்துராதீங்க" என்றேன். "நீங்க வருவீங்களாண்ணா?" என்றார். "பின் சீட்டுல வருவேன்" என்றேன். "சரிங்கண்ணா" என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

கனகமணிதான் வீட்டிலிருந்தே ஓட்டி வந்தார். நான் பின்னால். எனக்குப் பக்கத்தில் மயிலா. டெஸ்ட் மைதானத்துக்குப் போக அரை மணி நேரம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை.

டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் புதியவர், சின்ன வயசு. எல்லா இன்ஸ்பெக்டரும் செய்வதுபோலப் பின் கதவைத் திறந்தார்.

"மாஸ்டர், நீங்க முன்னாடி வந்துருங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"இல்லீங்க சார். நீங்களே முன்னாடி உக்காருங்க. அந்தப் பக்கம் ஒரு பிரேக்கு இருக்குது, காலை அது மேலயே வெச்சுக்குங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். கனகமணி கிளப்பினார். முதல் கியர், இரண்டாவது. இருபது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, இதுக்கு மேல போகாதா?" என்றார். மில், நூற்றிருபது சாப்பாடு, எல்லாம் அந்த முள்ளில் நிற்கிறது.

பின்னாலிருந்து சொன்னேன். "அம்மிணி, இப்பப் போலாம். முன்னாடி நல்ல காலு உக்காந்திருக்குது."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மூன்றாவது கியர் விழுந்தது. முப்பது. நாற்பது. நாற்பத்தைந்து. அடடா, என்ன ஓட்டு! நிறுத்தச் சொன்ன இடத்தில் கோடு போட்டாற்போல நிறுத்தினார். ரிவர்ஸ் ஒரே தடவையில் வந்தது. இன்ஸ்பெக்டர் காலை ஒரு தடவைகூட அழுத்தவில்லை, நான் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். "நல்லாப் பழக்கியிருக்கீங்க மாஸ்டர்" என்றார் அவர். நான் பழக்கவில்லை, பிரேக்கைத் தானே பிடிக்கக் கனகமணி அவராகவே பழகிக்கொண்டார் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் தாளில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

பாஸ்.

அங்கிருந்து நேராக சர்க்கரை டாக்டர். அதுதான் மயிலா போட்ட கண்டிஷன். வழியில் இளநீர்க் கடையில் நிறுத்தச் சொன்னேன். "பிரேக்கு நல்லாத்தான் இருந்துது தாயி. காலுதான் சரியில்ல. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அந்த அம்மா கட்டுப் போட்ட முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என் காலைப் பார்த்தார். "ஐயோ சாமி, எனக்கு நாலு தையலோட போச்சு. நீங்க மொதல்ல அந்தக் கால பாருங்க" என்று விரட்டினார்.

முன்னால் இடப்பக்க சீட்டு காலியாக இருந்ததால் கனகமணி பழையபடி இருபதுக்கு வந்துவிட்டார். பின்னால் ஒரே ஹாரன். திரும்பிப் பார்த்தால் அதே வெள்ளைக் கார்! நடு ரோட்டு ஆமை எங்களை முந்திக்கொண்டு, போகிற போக்கில் கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போகிறான். கண்ணாடியை இறக்கி, "போடா! நாங்க மெதுவாத்தான் போவோம்!" என்று கத்தினேன். மயிலா என் வாயைப் பொத்தினாள்.

டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே குத்தி, "தெரியுதா? இங்க?" என்று கேட்டார். அவர் குத்துகிறார் என்பதே அவர் கையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"எத்தனை நாளா இப்படி? சுகர் எழுதச் சொன்னேனே, நோட்டு எங்க?"

மயிலா பையிலிருந்து இந்த டைரியை எடுத்து நீட்டிவிட்டாள். பிடுங்கலாம் என்றால் கை எட்டவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு நம்பர் இல்லை. முழுக்கக் காரும் மொபெட்டும். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். மார்ச் எட்டு, பிரேக்கில் ஒரு கோடு. மார்ச் இருபத்தொன்று, செருப்பில் ஒரு கோடு. மார்ச் இருபத்தொன்பது, கோயில் பிரகாரத்தில் இரண்டு கோடு. ஏப்ரல் இரண்டில் வட்டமே போட்டார்.

"எல்லாத்தையும் தேதியோட எழுதித்தான் வச்சிருக்கீங்க திருமூர்த்தி" என்றார். "ஒரு தடவ நீங்களே திருப்பிப் படிச்சிருந்தா போதும்."

இன்றே ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. ஒரு வாரம் போயிருந்தால் பாதமும் போயிருக்கும் என்றார்கள். வலது காலால் இனி எந்தப் பெடலையும் மிதிக்கக் கூடாது. அதை டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மெக்கானிக் ராசு ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தான். அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "விடுங்கண்ணா" என்று பழத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டான். இடப்பக்கப் பெடலைக் கழற்றலாமா என்று கேட்டான். வேண்டாம், எனக்குப் பதிலாக அங்கே உட்கார்ந்து பழக்க நல்ல கால் உள்ள ஒருத்தரைத் தேடு என்றேன். இனி டெஸ்டில் யாருக்கும் அந்தக் கால் உதவாது, அவரவர் பிரேக்கை அவரவர்தான் பிடிக்க வேண்டும். வருகிறவரிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் சாவி கொடுப்பேன்.

கனகமணி இரண்டு நாளாக மில்லுக்குச் சாப்பாடு இறக்கிவிட்டு, எனக்கும் மயிலாவுக்கும் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து தருகிறார். உப்பு கம்மி, சர்க்கரை கிடையாது, வாயில் வைக்க முடியவில்லை. மில்லுக்குப் பன்னிரண்டரைக்கு டாணென்று போகிறதாம். மில்லிலிருந்து இங்கே ஆறு கிலோமீட்டர், வழியில் பள்ளிக்கூடம், சந்தை. மணி ஒன்றே காலாகிறது, இன்னும் ஆளைக் காணோம். எனக்கோ பசி உயிர் போகிறது. ஜன்னல் வழியாக ரோடு தெரிகிறது. தூரத்தில் எட்டுப் பத்து வண்டி வரிசையாக ஊர்ந்து வருகிறது, ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துக்கொண்டு. முன்னால் யார் என்று பார்க்க வேண்டியதே இல்லை.

வரட்டும், மெதுவாகவே வரட்டும்.

சர்க்கரை: காலை, வெறும் வயிற்றில், 238.